‘வேனில் ஏறிக்கொள்ளுங்கள்’

கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டி, எங்கள் அலுவலகத்தைச் சேர்ந்த ஏழு பேரும் அவர்களுடைய குடும்பத்தினருமாகப் பதினாறு பேர், வேலூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு மூன்று நாள் சைக்கிள் பயணம் போய் வந்தோம். படங்களைப் பலரும் ஏற்கெனவே பகிர்ந்துவிட்டார்கள். எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தப் படங்களில் பதிவாகாத ஒன்றை, உடன் வேலை செய்பவர்களில் சிலருக்கு வருத்தம் தரும் என்று தெரிந்தே எழுதுகிறேன். குடும்பத்தோடு போகிற சைக்கிள் பயணத்தை, குழுவில் மிக மெதுவாக ஓட்டுபவரை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். அதற்கு மனமில்லாதவர்கள் குடும்பத்தை அழைக்காமல் தாங்கள் மட்டும் போய் வரலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை.

முதல் நாள் கணியம்பாடி, அமிர்தி வழியாக மலையேற்றம். இரண்டாம் நாள் ஜமுனாமரத்தூரும் பீமன் அருவியும். மூன்றாம் நாள் காவலூர் வழியாக ஆலங்காயத்துக்கு இறக்கம் என்பது ஏற்பாடு. வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 220 மீட்டர் உயரத்திலும், காவலூர் வானாய்வகம் சுமார் 725 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. வித்தியாசம் 500 மீட்டர்தானே என்று திட்டம் போட்டவர்கள் சொன்னார்கள். மலைச்சாலை அப்படிக் கணக்குப் பார்த்து ஏறுவதில்லை. ஏறிய உயரத்தை ஓர் ஓடையருகே இறக்கி விட்டுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஏறச் சொல்கிறது. ஞாயிறுதோறும் பாலமதி மலையில் ஏறி இறங்கிப் பழகிய நான்கு பேர் தங்கள் கால்களை மனத்தில் வைத்துப் போட்ட திட்டம் அது. என்னுடைய கால்களோ, பன்னிரண்டு வயதான என் மகளின் கால்களோ அவர்கள் கணக்கில் வரவில்லை.

அமிர்தியைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் குழு இரண்டாகப் பிரிந்தது. முன்னால் போனவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் எங்களுக்காக நின்றார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த நிற்றல் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அவர்கள் வந்து சேர்ந்து, சைக்கிளை மரத்தில் சாய்த்து, தண்ணீர் குடித்து, கடலை மிட்டாய் தின்று, இருபது நிமிடம் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்ந்ததும், “எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா?” என்று ஒரு குரல் எழும். களைப்பில்லாதவர்களுக்கு ஓய்வு கிடைத்தது, களைத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்கு ஆறு இடங்களில் நின்றோம். ஆறு இருபது, நூற்றிருபது. அவர்கள் இரண்டு மணி நேரம் இளைப்பாறிய அதே சாலையில் நாங்கள் இளைப்பாறிய நேரத்தை நிமிடங்களில் எண்ணிவிடலாம். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. எங்களுக்காகக் காத்திருந்ததையே பெரிய உதவியாக அவர்கள் கருதினார்கள். அதனாலேயே அவர்களிடம் இதைச் சொல்வதும் கடினமாக இருந்தது.

சைக்கிள்களிலும் இதே கதைதான். மகளுக்கும் எனக்கும் வாடகைக்கு எடுத்த கியர் சைக்கிள்களை ஒருவரும் எங்கள் உடலளவுக்குச் சரிசெய்து பார்க்கவில்லை. முதல் நாள் மாலையில் ஓர் இறக்கத்தில் மகளின் விரல்கள் மரத்துப்போயின. பிரேக் கைப்பிடி அவள் விரலுக்கு எட்டாத தூரத்தில் இருந்ததால், நுனி விரல்களால் அதை இழுத்துப் பிடித்தபடியே கீழே வந்திருக்கிறாள். பெரும்பாலான மலை சைக்கிள்களில் அந்தக் கைப்பிடியை உள்ளே நகர்த்த ஒரு சிறு திருகு இருக்கும்; சரியான சாவி இருந்தால் ஒரு நிமிட வேலை. எங்கள் குழுவில் அது நான்கு பேருக்குத் தெரியும். ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனெனில் அவர்கள் கைகளுக்கு அது எட்டிக்கொண்டிருந்தது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிமானம் தளரும், இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி அழுத்தி விட வேண்டும் என்பதையும், ஏற்றம் கனப்பதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும் என்பதையும் எங்களுக்குச் சொன்னது மூட்டை முடிச்சுகளை ஏற்றி வந்த வேனின் ஓட்டுநர்.

அந்த வேனைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் பிற்பகலில், பீமன் அருவிக்குப் போய்த் திரும்பிய பிறகு, எங்கள் பிரிவின் மூத்தவர், “முடியாதவர்கள் வேனில் ஏறிக்கொள்ளுங்கள், நேரம் மிச்சமாகும்” என்றார். கரிசனமாகத்தான் சொன்னார். ஆனால் திங்கட்கிழமை அவரிடம் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க வேண்டியவர்கள் அங்கே மறுத்துப் பேசுவார்களா? ஐந்து பேர் ஏறினோம். ஐவரும் பெண்களும் குழந்தைகளும்தான். மகள் என்னிடம், “எனக்கு முடியவில்லை என்று நான் எப்போது சொன்னேன்?” என்று கேட்டாள். அவள் சொல்லவில்லை, மெதுவாகத்தான் வந்தாள். முடியாமைக்கும் மெதுவுக்கும் உள்ள வேறுபாடு மேலே காத்திருப்பவருக்குத் தெரிவதில்லை.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிக் கூடாரம் போடக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ நடந்த பிறகு அதை அசட்டையாகப் பேசுபவர்களோடு நான் எங்கும் போவதில்லை. எனவே மலையாளிக் குடும்பம் ஒன்றின் பட்டா நிலத்தில், அவர்கள் இசைவோடு, இரண்டு இரவும் தங்கினோம். (கேரளத்தோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், ஜவ்வாது மலையின் பழங்குடியினருக்கு அதுதான் பெயர்.) கரடி நடமாட்டம் உள்ள இடம், தின்பண்டத்தைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள் என்று அவர்கள் முதலிலேயே எச்சரித்தார்கள். முதல் இரவு, ஒரு மணி நேரம் முன்னதாக வந்து சேர்ந்தவர்கள் குளித்து முடித்துப் பாயில் சாய்ந்திருக்க, கடைசியாக வந்த பெண்கள் அடுப்பு மூட்டினோம். எங்களுக்குச் சாமை அரிசி கொடுத்த அந்த வீட்டு அம்மா இரு பக்கத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் விறகை மட்டும் அவரே உடைத்துக் கொடுத்தார்.

வேகமாக ஓட்டுபவர்களின் பக்கமும் எனக்குப் புரிகிறது. அவர்களும் விடுப்பெடுத்து, பணம் போட்டு வந்தவர்கள். மூச்சிரைக்க ஏறும் இன்பத்துக்காக ஆண்டு முழுவதும் காத்திருப்பவர்கள். அவர்களை நாள் முழுக்க எங்கள் பின்னால் உருட்டச் சொல்வதும் நியாயமில்லை. விடியற்காலையில், மற்றவர்கள் எழுந்து காபி குடிப்பதற்குள், அவர்கள் மட்டும் ஒரு கடுமையான சுற்றுப் போய் வரட்டும்; பிறகு எல்லோரும் ஒன்றாகக் கிளம்பலாம். இரண்டாம் நாள் இரவு நான் சொன்னது இதுதான். கூடவே இன்னும் மூன்று சொன்னேன்: ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் வந்து சேர்ந்த நிமிடத்திலிருந்து கணக்கிட வேண்டும், முகாமுக்கு முதலில் வருபவர் உலை வைக்க வேண்டும், வேனில் ஏறுவதா என்பதைச் சைக்கிள் ஓட்டுபவரே முடிவு செய்ய வேண்டும். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம், முதல் நாள் பாயில் சாய்ந்திருந்தவர்களில் ஒருவரே சரி என்றார்.

மூன்றாம் நாள் மகளும் சக ஊழியர் ஒருவரின் மனைவியும் முன்னால் போக, மற்றவர்கள் பின்தொடர்ந்தோம். பழைய திட்டத்தில் காவலூருக்கு நேரே ‘நிற்க வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. 1986 முதல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்ட சிறுகோளை 1988இல் கண்டுபிடித்ததும் அந்த வானாய்வகத்தில்தான். இதையெல்லாம் பள்ளியில் கேட்டு வைத்திருந்தவள் என் மகள். முன்னால் போனவளும் அவளே என்பதால் அங்கே நின்றோம். ஆலங்காயம் வந்து சேர்ந்தபோது, போட்ட நேரத்தைவிட ஒன்றே கால் மணி தாமதம். வாணியம்பாடியில் பிரியாணி தீர்ந்து போயிருந்தது. அந்தக் குறையை இன்றுவரை என் தலையில்தான் கட்டுகிறார்கள்.

அடுத்து ஏலகிரி என்று பேச்சு அடிபடுகிறது. புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள் அங்கே உண்டு. எந்தெந்த வளைவில் நிற்பது என்ற பட்டியலை இந்த முறை என் மகள் போடட்டும் என்று அலுவலகக் குழுவில் எழுதியிருக்கிறேன். நான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறார்கள். பிரிவின் மூத்தவர் படித்துவிட்டார், இன்னும் பதில் எழுதவில்லை.