வளையலைப் பார்த்து வருமானம் சொல்லும் ஜோசியர்களுக்கு

அந்தப் படத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கிற நம்ம சாட்ஸ்வொர்த் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் மருந்துக்கு நிற்கிற ஒரு வயதான ஆயா, கையில் இரண்டு வளையல். கீழே "தங்கம் போட்டுக்கொண்டு ஓசி மருந்து" என்று ஒரு வரி. அதற்குச் சிரித்த முகங்கள் முப்பது.

அரசு ஆஸ்பத்திரியில் பார்ப்பது வருமானத்தை, வளையலை அல்ல. அரசு உதவியாகத் தரும் பென்ஷன் வாங்குகிறவர்களும் வேலையில்லை என்று பதிந்தவர்களும் எச் சீரோ என்கிற பிரிவு, காசு கிடையாது. வருடத்துக்குத் தனியாள் 70,000 ரண்ட், குடும்பம் 1,00,000 ரண்டுக்குள் இருந்தால் எச் ஒன்று. கொஞ்சம் கட்ட வேண்டும். அதற்கு மேல் எச் இரண்டு, எச் மூன்று. முதியோர் பென்ஷன் 2025-இல் மாதம் 2,300 ரண்ட் சொச்சமாக இருந்தது. அதில் காலம் தள்ளுகிறவர் எச் சீரோவில் இல்லாமல் வேறு எங்கே இருப்பாராம்?

"பொய் சொல்லி வாங்குகிறவர்கள் இல்லையா?" இருப்பார்கள். அதற்குத்தான் கவுண்டரில் ஒருவர் உட்கார்ந்து பே ஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கேட்கிறார். உங்கள் போனை யாரும் வேலைக்கு வைக்கவில்லை.

"வரி கட்டுவது நாங்கள்தானே?" ஆயா வாங்கும் சோப்புக்கும் தேயிலைக்கும் 15 சதவீதம் வாட் உண்டு. நீங்கள் தனியார் ஆஸ்பத்திரிக்காகக் கட்டும் மெடிக்கல் எய்டு காப்பீட்டுக்கு மட்டும் அரசு ஒன்றும் தரவில்லையா? 2023 மார்ச்சில் கணவன், மனைவிக்குத் தலைக்கு மாதம் 364 ரண்ட் வரியில் கழிவு என்று ஆக்கினார்கள். அது சலுகை இல்லை போலிருக்கிறது. ஓசி என்றால் வரிசையில் நிற்பவர்களுக்கு மட்டும்தான்.

எங்கள் அப்பா 31 வருடம் துணி ஃபேக்டரியில் கட்டர். ஃபேக்டரி மூடிய வருடமே சர்க்கரை வந்தது. பே ஸ்லிப் இல்லையென்றால் போலீஸ் ஸ்டேஷனில் அஃபிடவிட், அதாவது வருமானம் இல்லை என்று சத்தியம் செய்து எழுதிய பத்திரம், வாங்கிவரச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். கோவிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். "வருமானமே இல்லையா? ஒன்றுமே இல்லையா?" என்று அங்கிருந்தவர் ஸ்டேஷனுக்கே கேட்கிற மாதிரி கேட்டார். அப்பா தலையாட்டினார். கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு தடவை நழுவியது. வீடு வரும்வரை பேசவில்லை. அன்றைக்கு அந்தச் சட்டையை யாராவது படம் எடுத்திருந்தால்? "இஸ்திரி போட்ட சட்டை, இவருக்கு எச் சீரோவா" என்று எழுதியிருப்பீர்கள்.

கந்தலோடு வந்தால்தான் ஏழையா? அந்த வளையல் நம்ம சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் வாங்கிய கவரிங்காக இருக்கலாம். சரி, தங்கமாகவே இருக்கட்டும். புருஷன் போட்டதாக இருக்கும். அதை விற்றுத்தான் பிரஷர் மாத்திரை வாங்க வேண்டுமா? காவடி அன்று அன்னதான வரிசையில் யார் கையிலும் வளையல் எண்ணாமல்தானே சாம்பார் ஊற்றினீர்கள்? அன்றைக்குப் படம் எடுத்தது உங்களைத்தான், கரண்டியோடு.

குழுவில் இதை எழுதினேன். "சென்சிட்டிவ் ஆகாதே அண்ணா" என்று ஒரு பதில். படத்தைக் குழுவிலிருந்து இன்னும் நீக்கவில்லை. நேற்று ராத்திரி பார்த்தேன், சிரித்த முகம் முப்பத்தொன்று. புதிதாக வந்தது என் சித்தப்பா மகன்.