தைல மரம் சீமைக் கருவேலம் போல் பரவுமா?

"வீட்டு வாசலில் ஒரு தைல மரம் வைத்தால் போதும், விதை காற்றில் பறந்து ஊரெங்கும் சீமைக் கருவேலம் போல் முளைத்துவிடும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது சரியல்ல.

தைல மரத்தின் (யூகலிப்டஸ்) விதை பொடிப்பொடியானது, ஆனால் அதற்கு இறக்கை கிடையாது. பெரும்பாலும் தாய்மரத்தைச் சுற்றியே விழும். மண்ணில் நெடுநாள் தங்காது. முளைக்க ஈரமும் வெயிலும் புல்பூண்டு இல்லாத வெற்று மண்ணும் வேண்டும். சீமைக் கருவேலம் அப்படியல்ல. ஆடுமாடு காயைத் தின்று சாணத்தோடு விதையைப் போகுமிடமெல்லாம் விதைத்துவிடும். வெட்டிய தோப்பில் மறுபடி எழும் கன்றுகளைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள் போல. அவை பெரும்பாலும் அடிக்கட்டையில் கிளம்பும் துளிர்கள்.

அதற்காகப் பரவவே பரவாது என்றும் சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்காவில் ஆற்றங்கரைகளில் பரவியதால், சில யூகலிப்டஸ் இனங்களை அந்நாட்டு அரசே ஆக்கிரமிப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. கலிபோர்னியாவின் பனிமூட்டக் கடலோரத்தில் நீல யூகலிப்டஸ் என்ற இனம் தோப்பை விட்டு வெளியே முளைக்கிறது. அங்குள்ள ஆக்கிரமிப்புத் தாவர மன்றம் அதன் பாதிப்பை 'வரம்புக்குட்பட்டது' என்றே வகைப்படுத்தியுள்ளது. இரண்டு பட்டியலையும் இணையத்தில் யாரும் பார்க்கலாம். நீலகிரிக்கு இம்மரம் வந்தது 1843-இல். அங்கே புல்வெளிகளுக்குள் தானாகப் புகுந்து பரவியதில் முன்னால் நிற்பது சீகை (வாட்டில்) மரம்தான்.

தைல மரம் தண்ணீரை உறிஞ்சுவது வேறு விவாதம், அதை இதோடு குழப்ப வேண்டாம். ஓடை, ஆற்றங்கரை ஓரம் மட்டும் நடாதீர்கள். அந்தச் செய்தி வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுங்கள்.