பேண்டு செட் கலைஞர்கள் உட்கார்ந்து வாசித்த நிகழ்ச்சி

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை இராயபுரத்தில், தேவாலயம் ஒன்றை ஒட்டிய சிறிய கூடத்தில், ஊதுகருவிகளும் பியானோவும் மட்டுமே சேர்ந்த ஓர் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. மேற்கத்திய மரபில் சேம்பர் மியூசிக் என்று அழைக்கப்படும் வகை அது. குழுவைக் கையசைத்து இயக்கும் நடத்துநர் இல்லை, ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியை ஒருவர் மட்டுமே வாசிப்பார், ஒலிபெருக்கி தேவைப்படாது. அந்தப் பகுதி இளைஞர்கள் சிலரும் ஓர் இசை ஆசிரியையும் சேர்ந்து ஏற்பாடு செய்திருந்தார்கள், கட்டணம் வாங்கவில்லை. வாசித்த ஐவரில் இருவர் கல்யாண ஊர்வலங்களிலும் சாவு வீடுகளிலும் வாசித்துப் பிழைக்கும் பேண்டு செட் கலைஞர்கள். இத்தகைய நிகழ்ச்சி வடசென்னையில் தொடர்ந்து நடக்க வேண்டும், அதன் நடுவில் இந்தக் கலைஞர்களே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

அன்று வாசிக்கப்பட்ட முக்கியமான படைப்பு, மொசார்ட் 1784ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எழுதி முடித்து, ஏப்ரல் 1 அன்று வியன்னாவில் தாமே பியானோவில் அமர்ந்து அரங்கேற்றிய ஐவர் இசை. பியானோ, ஓபோ (இரட்டைச் சீவாளி கொண்ட கூர்மையான நாதமுள்ள ஊதுகருவி), கிளாரினெட், ஹார்ன், பாசூன் (கீழ்ச் சுரங்களில் ஒலிக்கும் நீண்ட ஊதுகருவி) ஆகிய ஐந்துக்கும் எழுதப்பட்டது. தம் வாழ்நாளில் அதுவரை எழுதியவற்றுள் இதுவே சிறந்தது என்று சில நாட்களுக்குப் பிறகு தந்தைக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டிருக்கிறார். இதைக் கேட்டதும் பலருக்கு அரண்மனையும் பொன் முலாம் பூசிய நாற்காலிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அதற்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு முன், 1781 நவம்பரில் அவர் எழுதிய இன்னொரு கடிதத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஊதுகருவிகளுக்காகத் தாம் எழுதிய ஓர் இரவு இசையை ஆறு பேர் ஒரே இரவில் ஒவ்வோர் இடமாகப் போய்க் காசுக்கு வாசித்ததையும், தம் பெயர்த் திருநாளன்று (தம் பெயருக்குரிய புனிதரின் திருநாள்) அதே ஆறு பேர் வீட்டு முற்றத்தில் வந்து நின்று வாசித்துத் தம்மை மகிழ்வித்ததையும் அதில் சொல்கிறார். அவர்கள் ஏழைப் பிழைப்பாளிகள் என்றும், ஆயினும் நன்றாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்றும், குறிப்பாக முதல் கிளாரினெட்காரரும் இரண்டு ஹார்ன்காரர்களும் சிறப்பாக வாசிக்கிறார்கள் என்றும் எழுதுகிறார்.

அந்த ஆறு பேரை நான் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் பார்த்திருக்கிறேன். சீருடை அணிந்து, மாப்பிள்ளையின் காருக்கு முன்னால் புகையிலும் வாகன நெரிசலிலும் நடந்துகொண்டே வாசிக்கிற அவர்களை, ஊர்வலத்தில் வருகிறவர்கள் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு பாட்டை முழுமையாக வாசிக்க அவர்களை யாரும் விடுவதில்லை. பாதியிலேயே அடுத்த பாட்டைக் கேட்கிறார்கள். தெருவில் வாசித்தவர்களின் வாசிப்பை மொசார்ட் காது கொடுத்துக் கேட்டார், அவர்களுள் யார் நன்றாக வாசிக்கிறார் என்று கவனித்தார், பிறகு அந்தக் கருவிகளுக்குத் தம் சிறந்த படைப்பு என்று தாமே கருதியதை எழுதினார். பேரரசர் இரண்டாம் ஜோசப் 1782இல் எட்டுப் பேர் கொண்ட ஊதுகருவிக் குழு ஒன்றை அரண்மனையில் அமைத்தார் என்பதும் உண்மைதான். எனினும் அந்த ஓசை அரண்மனைக்குள் இருந்ததைப் போலவே தெருவிலும் இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இராயபுரத்தில் ஓபோவும் பாசூனும் இல்லை. ஓபோவின் பகுதியைக் கல்லூரி மாணவி ஒருவர் புல்லாங்குழலில் வாசித்தார். பாசூனின் பகுதியைப் பேண்டு செட்டைச் சேர்ந்தவர் யூஃபோனியம் என்னும் பித்தளை ஊதுகருவியில் வாசித்தார். சீருடைப் பணியின் இசைக்குழு ஒன்றிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஹார்ன் வாசித்தார். இப்படிக் கருவியை மாற்றுவது பிழை என்று வந்திருந்தவர்களுள் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். ஓபோவின் கூர்மை புல்லாங்குழலில் வராது என்பதும், யூஃபோனியத்தின் நாதம் பாசூனைவிடத் தடித்தது என்பதும் உண்மை. ஆனால் இந்தப் படைப்பின் அழகு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஊதுகிறவர்கள் மூச்சு விட வேண்டும் என்பதை அறிந்து, மொசார்ட் நீண்ட மெட்டுகளை எழுதாமல் சிறு சிறு சொற்றொடர்களாக எழுதி, ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் வாங்கி முடிக்கும்படி அமைத்திருக்கிறார். மெதுவான முன்னுரையிலேயே இது தெளிவாகத் தெரியும். கடைசிப் பகுதியில், வழக்கமாகத் தனி ஒருவருக்கு விடப்படும் கடென்ஸா என்னும் இடத்தை ஐந்து பேருக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறார். தாளம் நிற்காமல் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். அந்த இடத்தில் யூஃபோனியக்காரர் பியானோ ஆசிரியையை நிமிர்ந்து பார்த்து, மூச்சை இழுத்து, சரியான நொடியில் நுழைந்தார். மேற்கத்திய இசைக்குறிப்பை அவர் முறையாகக் கற்றவர் அல்ல. தம் பகுதியைக் கைப்பேசியில் மெதுவாகப் பதிவு செய்து வாங்கி, கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறார். ஏறத்தாழ 25 நிமிடப் படைப்பைத் தாள் இல்லாமல் வாசித்தார் என்பதை நான் மிகுந்த மரியாதையோடு பதிவு செய்கிறேன்.

கிளாரினெட் கலைஞரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் பாதியில் அவர் சான்-சான்ஸ் என்ற பிரெஞ்சு இசைமேதை தம் வாழ்வின் கடைசி ஆண்டான 1921இல் எழுதிய கிளாரினெட் சொனாட்டா என்னும் பல பகுதிகள் கொண்ட படைப்பின் மூன்றாம் பகுதியை வாசித்தார். கருவியின் அடித்தளத்தில் இருக்கும் கனத்த சுரங்களில் அந்த மெட்டு முதலில் மிக மெதுவாக ஒலிக்கிறது. பிறகு அதே மெட்டு உச்ச சுரங்களில், வேறு யாரோ பாடுவதைப் போல, மென்மையாகத் திரும்புகிறது. முப்பது ஆண்டுகளாகத் தெருவில் வாசிக்கிற அந்தக் கலைஞர், நிகழ்ச்சி முடிந்த பிறகு பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு செய்தி சொன்னார். பெரிய டிரம்மும் வாகன ஒலியும் சேர்ந்த இடத்தில் கீழ்ச் சுரங்கள் யார் காதிலும் விழாது. ஆகவே பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர் பெரும்பாலும் மேல் சுரங்களிலேயே நின்று, முழு மூச்சையும் கொடுத்து வாசித்தாக வேண்டும். கருவியின் பாதி அவருக்குத் தொழிலில் பயன்படுவதே இல்லை. அன்று அந்தப் பாதியை நூறு பேர் அமைதியாக இருந்து கேட்டார்கள். சிறிய கூடம் ஏன் வேண்டும், ஒலிபெருக்கி ஏன் வேண்டாம் என்ற கேள்விகளுக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் அறியேன்.

இந்தப் பகுதி மக்களுக்கு இந்த இசை எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கானாவும் பறையும் போதாதா என்பது அவர்கள் கேள்வி. கானாவையும் பறையையும் நான் பெரிதும் மதிக்கிறேன். அவற்றுக்குப் பதிலாக வேறொன்றைக் கொண்டுவர வேண்டும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு பகுதியின் மக்கள் இன்னதைத்தான் கேட்க வேண்டும் என்று வெளியிலிருந்து வரையறுப்பதை நான் ஏற்கமாட்டேன். இதற்கு நேர்மாறாக, இந்த இசையைக் கேட்டால் இங்குள்ளவர்கள் உயர்ந்துவிடுவார்கள் என்ற எண்ணத்தோடு வருகிறவர்களையும் நான் ஏற்கவில்லை. கிளாரினெட்டும் யூஃபோனியமும் ட்ரம்பெட்டும் பல தலைமுறைகளாக இந்தத் தெருக்களில் ஒலித்து வருகின்றன. தேவாலயப் பாடகர் குழுக்களும், பெரம்பூர் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் பியானோவை இங்கே பழகிய பொருளாக்கியவை. யாரும் புதிதாக எதையும் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் மணலிக்கு வந்து சேர்வோம். முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை இராமசுவாமி தீட்சிதரை மணலி முதலியார் குடும்பம் ஆதரித்து இங்கே அழைத்துவந்தது. அக்குடும்பத்தின் கிழக்கிந்தியக் கம்பெனித் தொடர்பினால் தீட்சிதர் சகோதரர்களுக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பிய இசையைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. தம்பி பாலுசுவாமி வயலின் கற்றதும், முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதி நோட்டுஸ்வரங்களை உருவாக்கியதும் இந்தத் தொடர்பிலிருந்து பிறந்தவை. பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டில் அமைந்த "சந்ததம் பாஹிமாம்" பலருக்கும் தெரிந்ததே. இவை சங்கராபரண ராகத்தின் நேரான சுரங்களில், கமகம் என்னும் சுர அசைவு அதிகமின்றி அமைந்தவை. ஆகவே பியானோவுக்கும் ஊதுகருவிகளுக்கும் இயல்பாகப் பொருந்தும். அன்றைய நிகழ்ச்சியில் ஒரு நோட்டுஸ்வரமேனும் இடம்பெறாதது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றியது. மணலி இராயபுரத்திலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கும்போது அதை விட்டுவிடலாகாது. கிளாரினெட் நம் கச்சேரி மேடைக்கும் அந்நியமானதன்று. நாதஸ்வரப் பயிற்சியிலிருந்து வந்த ஏ.கே.சி. நடராஜன் அதில் முழுக் கச்சேரி செய்து பெரும் புகழ் பெற்றவர்.

நடைமுறையில் மிகப் பெரிய சிக்கல் பியானோதான். கடலோர ஈரத்தில் அதன் ஒலிப்பலகை உப்புகிறது, சுருதி நகர்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட தந்திகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. ஊதுகருவிகளோ வெப்பம் ஏற ஏறச் சுருதி கூடுகிறவை. பியானோவை நிகழ்ச்சியின் நடுவில் மாற்ற முடியாது என்பதால் மற்ற நால்வரும்தான் அதனோடு இணங்கிப் போக வேண்டும். அன்று கிளாரினெட் கலைஞர் ஒவ்வொரு பகுதிக்கும் இடையில் கருவியின் மூட்டைச் சற்று இழுத்துச் சுருதியைத் தாழ்த்திக்கொண்டே இருந்தார். மின்விசிறிகளின் ஓசை இடையூறாக இருந்ததால் அவற்றையும் நிறுத்திவிட்டார்கள். எல்லோருக்கும் வியர்த்தது, ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. மின்னணு விசைப்பலகையை வைத்து முடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசையும் மூச்சிலிருந்து வரும் ஓசையும் ஒரு சிறிய கூடத்தில் கலப்பதே இல்லை என்பதால் அதை நான் ஆதரிக்க மாட்டேன். டிசம்பர், ஜனவரி மாதங்களில், மாலை ஆறரை மணிக்கு மேல் நிகழ்ச்சியை வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

கடைசியாகப் பணம். பேண்டு செட் கலைஞர்கள் இருவரும் ஒத்திகைக்காக முகூர்த்த நாட்களின் வருமானத்தை இழந்திருக்கிறார்கள். கௌரவத்துக்காக ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்புவது எனக்கு ஏற்புடையதன்று. ஒரு நாள் ஊர்வலத்துக்கு என்ன கிடைக்குமோ அந்தத் தொகையை ஒவ்வோர் ஒத்திகைக்கும் கொடுக்க வேண்டும். அதற்காக ஐம்பதோ நூறோ கட்டணம் வைத்தால் இந்தப் பகுதி மக்கள் கொடுப்பார்கள் என்று நம்புகிறேன். அடுத்த நிகழ்ச்சியைப் பெரம்பூரில் நடத்தப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் தேவாலயத்திலோ பள்ளியிலோ வாசிக்கப்படாமல் கிடக்கும் பியானோ இருந்தால், அல்லது ஓபோவோ பாசூனோ வாசிக்கத் தெரிந்தவர் எவரையேனும் அறிந்திருந்தால், தயவுசெய்து எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள், ஏற்பாட்டாளர்களிடம் சேர்த்துவிடுகிறேன்.