ஃப்ளீட்வுட் மேக்: மற்ற நால்வரும் பக்கவாத்தியமா?

ஃப்ளீட்வுட் மேக் ராக் இசைக்குழு என்றாலே பாடகி ஸ்டீவி நிக்ஸ்தான், மற்ற நால்வரும் பக்கவாத்தியம் என்று சிலர் சொல்வது சரியில்லை. 1967இல் லண்டனில் குழுவைத் தொடங்கிய கிதார் கலைஞர் பீட்டர் கிரீன் அதற்குப் பெயர் வைத்ததே டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட், பேஸ் கிதார் ஜான் மெக்வீ இருவரின் பெயர்களையும் வைத்துத்தான். நிக்ஸும் லீட் கிதார் லிண்ட்சி பக்கிங்ஹாமும் வந்து சேர்ந்தது 1974 கடைசியில்.

'ட்ரீம்ஸ்' பாட்டு நிக்ஸ் எழுதிப் பாடியது, சரி. ஆனால் அதே 'ரூமர்ஸ்' ஆல்பத்தில் 'டோன்ட் ஸ்டாப்' கீபோர்டு வாசித்த கிறிஸ்டின் மெக்வீ எழுதியது. 'கோ யுவர் ஓன் வே' பக்கிங்ஹாமுடையது. அப்புறம் 'தி செயின்' கேட்டுப் பாருங்கள். மூன்றாவது நிமிட வாக்கில் எல்லாம் அடங்கி, பேஸ் மட்டும் தனியாக இறங்கி வருமே, அது ஜான் மெக்வீ. ஃபார்முலா ஒன் கார் பந்தய ஒளிபரப்புக்கு பிபிசி எடுத்துக்கொண்டது அந்த இடத்தைத்தான். அங்கே யாருமே பாடவில்லை!