வைட்டமின் ஈ மாத்திரையும் ரத்தக் குழாயின் வயதும்

"தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ, 500 மி.கி. வைட்டமின் சி எடுத்தால் ரத்தக் குழாய் இளமையாகவே இருக்கும், மாரடைப்பு வராது" என்று சொல்லப்படுவது தவறு. பாதி உண்மை கலந்திருப்பதால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள்.

வயதாக ஆக, குழாயின் உட்சுவரில் சூப்பர்ஆக்சைடு (செல்களைத் தாக்கும் ஆக்சிஜன் வகை) பெருகி, குழாயை விரியவைக்கும் நைட்ரிக் ஆக்சைடை அழிக்கிறது. இந்த சூப்பர்ஆக்சைடை அடக்கும் வைட்டமின் சி-யை நேராகத் தமனிக்குள் செலுத்தினால் முதியவர்களுக்கும் அந்த விரிவு தற்காலிகமாக மேம்படுகிறது, சோதனையில் கண்டதுதான். ஆனால் அந்த அளவு மாத்திரையில் ரத்தத்துக்கு வராது. குடல் உறிஞ்சுவதற்கு வரம்பு உண்டு, மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். அதோடு, குழாய்ச் சுவரில் முறிந்துபோன எலாஸ்டினையும் (நெகிழ்வு தரும் புரதம்) சர்க்கரை ஒட்டி இறுகிய கொலாஜனையும் (உறுதி தரும் புரதம்) எந்த வைட்டமினும் சரிசெய்யாது.

2000-இல் வெளியான ஹோப் (HOPE) என்ற இதய நோய்த் தடுப்பு ஆய்வில் 400 யூனிட் ஈ மாரடைப்பைக் குறைக்கவில்லை. 2005-இல் வந்த அதன் தொடர்ச்சியில் இதயச் செயலிழப்பு கூடியிருந்தது. ஆண் மருத்துவர்களிடம் சுமார் 8 ஆண்டுகள் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்விலும் சி, ஈ இரண்டும் இதயத்துக்குப் பலன் தரவில்லை; ஈ எடுத்தவர்களுக்கு மூளை ரத்தக்கசிவு அதிகம்.

வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) சாப்பிடுபவர்கள் தயவுசெய்து அந்தக் கூற்றை நம்பி ஈ மாத்திரை தொடங்காதீர்கள், ரத்தக்கசிவு அபாயம் கூடும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லி ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள்.