கழற்றிய பேரிங்கை என்ன செய்கிறீர்கள்?

போன மாதம் எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஹெலிகாப்டரில் பூத் தூவினார்கள். சனமெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, மணிக்கு எவ்வளவு வாடகை இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தது. நான் வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூர்ப் பக்கம் நூற்பாலையில் 26 வருசம் பிட்டராக இருந்தவனுக்கு, சுற்றுகிற எதைப் பார்த்தாலும், தண்டைத் தாங்கிக்கொண்டு உள்ளே இருக்கும் உருளை வளையமான பேரிங்தான் ஞாபகத்துக்கு வரும்.

மேலே இருக்கும் பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்றினால் ஹெலிகாப்டரின் உடம்பு மறுபக்கம் திரும்பப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிப்பது வால் விசிறி. பைலட் பெடலை மிதித்தால் வால் இறக்கைகளின் சாய்வு மாறும், மூக்கு திரும்பும். சில மாடல்களில் அந்தச் சாய்வை மாற்றுகிற தண்டு சுற்றவே கூடாது. முன்னும் பின்னும் நகர மட்டும் வேண்டும். இறக்கைகளோ படுவேகத்தில் சுற்றும். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பாடுபடுவது ஒரு பேரிங்.

2018 அக்டோபர் 27 அன்று இங்கிலாந்தின் லெஸ்டரில், கால்பந்து மைதானத்திலிருந்து கிளம்பிய ஏ.டபிள்யூ.169 ஹெலிகாப்டரில் அந்தப் பேரிங் இறுகிப்போனது. சுற்றக் கூடாத தண்டு சுற்றியது, நட்டு கழன்றது, பெடலுக்கும் வாலுக்கும் இருந்த தொடர்பே அறுந்துவிட்டது. அப்புறம் பைலட் எதை மிதித்து என்ன? லெஸ்டர் சிட்டி கிளப்பின் முதலாளி விச்சாய் உட்பட உள்ளே இருந்த 5 பேரும் போய்விட்டார்கள்.

நவம்பரிலேயே ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை அவசர உத்தரவு போட்டது. ஏ.டபிள்யூ.169, ஏ.டபிள்யூ.189 இரண்டு மாடலிலும் வால் கட்டுப்பாட்டைச் சோதித்தே ஆக வேண்டும் என்றது. அடுத்தடுத்து வந்த உத்தரவுகளில் அந்த நட்டையும் பேரிங்கையும் பார்க்கச் சொன்னார்கள். இது யோசனை அல்ல. செய்யாமல் பறக்கக் கூடாது. ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுப்பதற்கு முதல் நாள் லாரிக்குப் பெயின்ட் அடிக்கிற வேலையெல்லாம் இங்கே செல்லாது.

எனக்கு உறைத்தது லெஸ்டர் விபத்தைப் பற்றி 2023-இல் வந்த விசாரணை அறிக்கைதான். இப்படிப்பட்ட முக்கியமான பேரிங்குகளைக் கழற்றி மாற்றும்போது, கழற்றியதைப் பிரித்து, நினைத்தபடிதான் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் இருக்கவில்லை என்றது அது. பார்க்கச் சொல்லும் விதியும் அப்போது இல்லை. அதைப் படித்தபோது எங்கள் மில்லே கண் முன்னால் வந்தது.

ஒரு புளோயர் மோட்டாரில் நாலு மாதத்துக்கு ஒருமுறை பேரிங் போகும். மாற்றுவோம், பழசைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவோம். "கம்பெனிக்காரன் சரக்கு சரியில்லீங்க" என்று மேஸ்திரி சொல்லுவார், நாங்களும் தலையாட்டுவோம். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து சும்மா இருந்தபோது, ஒன்றைக் கிரைண்டரில் வெட்டிப் பார்த்தேன். கிரீஸ் மை மாதிரி கருத்திருந்தது. வெளி வளையத்தில் ஒரே பக்கம் மட்டும் தோல் உரிந்த மாதிரி பொரிந்திருந்தது, எதிர்ப்பக்கம் கண்ணாடி போல் பளபளப்பு. பாரம் முழுக்க ஒரே பக்கம்! போய்ப் பார்த்தால் பெல்ட்டை வில் நாண் மாதிரி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். தளர்த்திவிட்டோம், சரியாகிவிட்டது. அத்தனை வருசமும் பதில் இரும்புக் கடைக்குத்தான் எடைக்குப் போயிருக்கிறது.

சூலூர்க்காரர்களுக்குத் தெரியும், விமானப்படையின் சாகசக் குழுவான சாரங்கின் துருவ் ஹெலிகாப்டர்கள் அங்கேதான் இருக்கின்றன. 2025 ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து 3 பேர் இறந்ததும், நாட்டில் உள்ள எல்லா துருவ்களையும் நிறுத்தினார்கள். (அது வால் விசிறிக் கோளாறு அல்ல, மேல் விசிறிப் பக்கம். ஆனால் கேள்வி ஒன்றுதான்.) இத்தனை கோடி மிஷினைச் சும்மா நிறுத்திவைக்கலாமா என்று டீக்கடையில் கேட்டார்கள். நிறுத்தினால்தானே பிரிக்க முடியும் என்றேன். நிறுத்துவது பெரிசில்லை, பிரித்துப் பார்த்ததை எழுதிவைத்து, அதே பாகம் ஓடுகிற மற்றவனுக்கும் சொல்ல வேண்டும். என் குறை அதுதான். உத்தரவு எப்போதும் சாவுக்குப் பிறகுதான் வருகிறது. கழற்றிய பாகம் அதற்கு முன்னாலேயே மேசைக்கு வந்துவிடுகிறது.

வெட்டிய அந்தப் பேரிங் இன்னமும் என்னிடம் ஒரு பெயின்ட் டப்பாவில் கிடக்கிறது, கூட இன்னும் பத்துப் பதினைந்து. எதற்கு இந்தக் குப்பை, எடைக்குப் போடுங்க மாமா என்று மாப்பிள்ளை நச்சரிக்கிறார். நேற்று அவருடைய தறியிலிருந்து கழற்றியதையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.