ஆடச் சொல்லும் முன்னால் பார்க்க விடுங்கள்

'வள்ளி திருமணம்' நாடகத்தில் பிள்ளையார் யானையாக வந்து வள்ளியை விரட்டுகிற இடத்தில் எங்கள் பிள்ளைகள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கீழே சமவெளி ஊர்களில் அந்தக் காட்சிக்கு விசில் பறக்கும் என்று முந்தின நாள் ராத்திரிதான் கோமாளி வேஷம் போடுகிற பபூன் அண்ணன் சொல்லியிருந்தார். இங்கே 118 பிள்ளைகளும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பின்னணிச் சத்தங்களுக்கு ஆல்ரவுண்ட் வாத்தியம் வாசிப்பவர் பிளிறல் கொடுத்ததும் வள்ளி அலறிக்கொண்டே ஜமக்காளத்தின் அந்தக் கோடிக்கு ஓடினார். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்று, "அக்கா, கத்தாதீங்க! கத்தாதீங்க!" என்றாள். அவள் வீட்டுக்குப் பின்னால் போன மாதம்தான் யானை வந்து வாழையைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது.

நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் இசை நாடகக் குழுவை வரவழைத்து, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 'வள்ளி திருமணம்' போட்டோம். விடிய விடிய நடக்கிற நாடகத்தை ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கித் தந்தார்கள். அன்றிலிருந்து எனக்கு இதைத் தவிர வேறு பேச்சே இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நடுநிலைப் பள்ளிப் பிள்ளை ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒருமுறையாவது, பாடி நடிக்கிற ஒரு நாடகத்தை நேரில், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். போட்டிக்கு அனுப்புவதும் பரிசு வாங்குவதும் அப்புறம்.

2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா என்ற பெயரில் போட்டிகள் நடக்கின்றன. மிக நல்ல விஷயம். கூச்சப்பட்டுச் சுவரோடு ஒட்டி நின்ற எத்தனையோ பிள்ளைகள் அதனால் மேடை ஏறியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு நாங்கள் எப்படித் தயார் செய்கிறோம்? நாடகம் என்றால் என் போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டி, "இப்படிப் பண்ணுங்க" என்கிறேன். பிள்ளைகள் அப்படியே செய்கிறார்கள். சினிமாவில் வருகிற அழுகை, சினிமாவில் வருகிற கோபம், சினிமா ஸ்டெப். அவர்கள்மேல் குற்றமே இல்லை. ஒரு நடிகரைக்கூட நேரில் பார்க்காத பிள்ளையிடம் நடி என்கிறோம். ஒரு முழுப் பாட்டை மனிதத் தொண்டையிலிருந்து நேராகக் கேட்காத பிள்ளையிடம் பாடு என்கிறோம்.

மேல்நாடுகளில் இதை யோசித்திருக்கிறார்கள். ஓபரா என்பது பாட்டாலேயே கதை சொல்கிற நாடகம். 1600ஐ ஒட்டி இத்தாலியில் பிறந்தது. 1607இல் மாந்துவா நகரில் அரங்கேறிய மோன்டெவெர்தியின் 'ஓர்ஃபேயோ' இன்றைக்கும் நடிக்கப்படுகிறது. மைக் கிடையாது. முழு வாத்தியக் குழுவையும் மீறிக் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும், அதற்காக வருஷக்கணக்கில் சாதகம் செய்கிறார்கள். பணக்காரர்களின் கலை என்று பேர் எடுத்ததுதான். ஆனாலும் பிள்ளைகளுக்காக அது இறங்கி வந்திருக்கிறது. நான்கைந்து பாடகர்களும் ஒரு பியானோவுமாகப் பள்ளிக்கூடங்களுக்கே போய் ஒரு மணி நேரத்தில் போட்டுக் காட்டுகிற குழுக்கள் அங்கே நிறைய. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா, மோட்சார்ட் 1791இல் ஜெர்மன் மொழியில் தந்த 'மாயப் புல்லாங்குழலை' 2006இல் ஆங்கிலத்துக்கு மாற்றி, நீளத்தை வெட்டி, குழந்தைகளோடு வருகிற குடும்பங்களுக்கென்றே போட்டது. அவ்வளவு பெரிய அரங்கு மோட்சார்ட்டையே வெட்டலாம் என்றால், எங்கள் வள்ளியை ஒன்றரை மணி நேரமாக்கியதில் தப்பே இல்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பிரிட்டன் என்ற ஆங்கில இசையமைப்பாளர் செய்தது. நோவாவின் பிரளயக் கதையை 1958இல் ஒரு தேவாலயத்தில் பிள்ளைகளை வைத்தே ஓபராவாகப் போட்டார். பேழைக்குள் ஏறுகிற மிருகங்கள் எல்லாம் பிள்ளைகள். மழையின் முதல் துளிகளுக்கு அவர் என்ன வாத்தியம் வைத்தார் தெரியுமா? டீ குடிக்கிற பீங்கான் கோப்பைகள். கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு, பிள்ளைகளைத் தட்டச் சொன்னார். தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையில் இறங்குகிற சத்தத்தில் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பாடம் நடத்துகிறவள் நான். இதைப் படித்த அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

சரி, அதற்காக நாம் இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை. அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனை 18ஆம் நூற்றாண்டிலேயே நம்மிடம் இருந்தது. அப்புறம் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வந்து பாட்டும் வசனமும் தர்க்கமுமாக நாடகங்களை எழுதிக் குவித்தார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய பாலர் நாடக சபையில் நடித்தவர்கள் யார்? சிறுவர்கள். பின்னாளில் பெரிய நாடக நடிகரான டி.கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது வயது ஆறு. அந்தப் பிள்ளைகள் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் விட்டு நாடகத்துக்குப் போனார்கள். இன்றைக்கு அப்படி எந்தப் பிள்ளையும் போக வேண்டாம். நாடகம் பள்ளிக்கு வரட்டும்.

மைக் வருவதற்கு முந்தின கொட்டகை நாடகங்களில் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஏன் அவ்வளவு உச்ச சுருதியில் பாடினார்கள் என்று கேட்டால், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே. இதைப் பாடத்தில் பல வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது.

எங்கள் பள்ளியில் மேடை இல்லை. இரண்டு வகுப்பறைக்கு நடுவில் இருந்த பலகைத் தடுப்பைக் கழற்றி, சுவரில் ஆணி அடித்துத் திரை கட்டி, தரையில் ஜமக்காளம் விரித்தோம். முன்வரிசைப் பிள்ளைக்கும் நடிகருக்கும் இரண்டு முழம்தான் இடைவெளி. முருகன் வேடனாக வந்து விருத்தத்தை எடுத்தாரோ இல்லையோ, கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது, லைட்டும் போனது. ஜன்னல் வழியாக மூடுபனி வெளிச்சம் மட்டும். ஐயோ, கெட்டது என்று நான் எழுந்துவிட்டேன். ராஜபார்ட், அதாவது முருகனாக நடித்தவர், நிறுத்தவே இல்லை. ஓர் அடி முன்னால் வந்தார், மூச்சை இழுத்தார். அந்த இழுப்பே கடைசிப் பெஞ்சு வரை கேட்டது. அப்புறம் வந்த குரல் இருக்கிறதே, அது ஸ்பீக்கரில் அதுவரை வந்த குரலே இல்லை. குளிரில் அவர் வாயிலிருந்து புகை வருவதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தார்கள். ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சுவிடுவதும் கேட்டது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டான். அங்கே அதிர்ந்ததாம், பிறகு என்னிடம் வந்து சொன்னான்.

அரை மணி கழித்துக் கரண்ட் வந்தது. மைக்கைப் போட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். யூடியூபிலேயே எல்லா நாடகமும் இருக்கிறதே என்று கேட்கிற நண்பர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இந்த அரை மணி நேரம்தான்.

நாடகம் முடிந்து டீ குடிக்கும்போது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ராஜபார்ட் பக்கத்தில் போய் நின்றான். நன்றாகப் பாடுகிறவன். போன வருஷம் குரல் உடைந்தது, கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அதிலிருந்து தமிழ்த்தாய் வாழ்த்துக்குக்கூட வாயை மட்டும்தான் அசைப்பான். "அண்ணா, உங்களுக்கும் இப்படிக் குரல் உடைஞ்சுதா?" என்றான். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "உடைஞ்சுதான் தம்பி இந்தக் குரல் வந்துச்சு. எங்க வாத்தியார் ஒரு வருஷம் பாடவே விடல. ஆர்மோனியப் பெட்டி மட்டும் வாசின்னாரு. அவசரப்படாதே" என்றார். நான் பத்து வருஷம் பயிற்சி எடுத்திருந்தாலும் அந்தப் பையனிடம் இதைச் சொல்லியிருக்க முடியாது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. உடம்பும் குரலும் தன் பேச்சைக் கேட்காமல் மாறுகிற வயது அது. இன்னும் சின்னப் பிள்ளைகளாக இருந்தால் வேடிக்கையாகப் பார்த்து மறந்துவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டால் பொதுத் தேர்வுப் பேச்சு வந்துவிடும். அதனால்தான் நடுநிலை வகுப்பு என்று அடித்துச் சொல்கிறேன்.

மறுநாள் வகுப்பில் பெண் பிள்ளைகள் ஒரு சண்டையை ஆரம்பித்தார்கள். நாரதரையே தர்க்கத்தில் மடக்கிய வள்ளி, யானையைப் பார்த்துப் பயந்து, கிழவர் வேஷத்தில் வந்த முருகனைக் கட்டிக்கொள்வது அவர்களுக்கு ஆறவே இல்லை. "பயமுறுத்திச் சம்மதம் வாங்குறது தப்பு டீச்சர், முருகனா இருந்தாலும்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "அவளுக்கு முன்னாடியே மனசுல பிடிச்சிருந்துச்சு, வாதம் பண்ணும்போது சிரிச்சாளே, பார்க்கலையா?" என்றாள். சிரித்தாரா? அந்தச் சிரிப்பை நான் கவனிக்கவில்லை. இரண்டு பீரியட் போனது. வழக்கமாக மூன்று வரிக்கு மேல் எழுதாத பிள்ளைகள் அன்று இரண்டு பக்கம் எழுதினார்கள். பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்ட ஓர் அதிகாரிக்கு இந்த நோட்டுகளைத்தான் எடுத்துக் காட்டினேன்.

வாசல் பக்கம் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு பாட்டியும் நின்றிருந்தார். யாரும் கூப்பிடவில்லை, பாட்டுச் சத்தம் கேட்டு, தோட்டத் தொழிலாளர் வீடுகள் இருக்கிற லயத்திலிருந்து ஏறி வந்திருக்கிறார். இந்தியாவும் இலங்கையும் 1964இல் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் இங்கே அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. அப்படி வந்த குடும்பம். "எங்க தோட்டத்துல மாசி மாசம் காமன் கூத்துன்னா புள்ளைங்க யாரும் தூங்க மாட்டோம் டீச்சர்" என்றார். மன்மதனைச் சிவன் எரிக்கிற கதை அது. அதில் வருகிற ரதி புலம்பலில் நான்கு அடி பாடியும் காட்டினார். அவர் பேத்தி என் வகுப்பில்தான் படிக்கிறாள். பாட்டி பாடுவார் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நம் மலையில் கலைக்குப் பஞ்சம் இல்லை. பழங்குடிகளான கோத்தர்களின் கொம்பும் குழலும், பணியர்களின் துடி மேளமும் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல சடங்கோடும் சாவோடும் சாமியோடும் சேர்ந்தவை. பள்ளி விழாவுக்கு வந்து வாசியுங்கள் என்று நாம் கூப்பிட்டுவிட முடியாது, அது அந்த மக்களே முடிவு செய்ய வேண்டியது. தொழிலாகவே ஊர் ஊராகப் போய் நடிக்கிற இசை நாடகக் குழுவைக் கூப்பிடுவதில் அந்தச் சங்கடம் இல்லை.

இதில் சிக்கலே இல்லை என்று சொல்ல மாட்டேன். பபூன் காட்சியில் இரட்டை அர்த்தம் புரளும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். முந்தின ராத்திரி அவரோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பேசி எடுத்துவிட்டோம். பிள்ளைகளுக்கு என்றதும் அவரே நாங்கள் சொல்லாததையும் எடுத்தார். சாமிக் கதை வேண்டாம் என்று நினைக்கிற பெற்றோரும் இருப்பார்கள். இதே மேடைகளில் 'கோவலன்', 'அரிச்சந்திரா', கிறிஸ்தவக் கதையான 'ஞானசௌந்தரி' எல்லாம் நடந்திருக்கின்றன. ஊருக்கு எது பொருந்துமோ அதைக் கேட்டு வாங்கலாம்.

பெரிய கஷ்டம் பணம்தான். ஏழு பேர், திரை, பெட்டி, வாத்தியம் எல்லாம் மலையேறி வர வேண்டும். வேன் வாடகை அவர்கள் சம்பளத்தை நெருங்கிவிட்டது. ஆசிரியர்கள் போட்டோம், பெற்றோர் நாள் கூலியிலிருந்து கொடுத்தார்கள், பழைய மாணவர்கள் அனுப்பினார்கள். ஒரு பள்ளிக்கு மட்டும் என்றால் இது ஒவ்வொரு வருஷமும் முடியாது. ஒரே பயணத்தில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் என்று பத்துப் பள்ளிகளில் போட்டால் வேன் செலவு பத்தாகப் பிரியும். காலமும் கூடி வருகிறது. கோயில் திருவிழாக்கள் சூடுபிடிப்பது மாசி, பங்குனியில். மார்கழி, தை மாதங்களில் பல நடிகர்களுக்கு வேலை குறைவு. எங்களுக்கோ அப்போதுதான் மழை விட்டிருக்கும், அரையாண்டுத் தேர்வும் முடிந்திருக்கும். கலைத் திருவிழாவுக்குச் செலவு செய்கிற அரசு, அதில் ஒரு பங்கை இந்தப் பயணத்துக்கு ஒதுக்கினால் நடிகர்களுக்கும் அந்த மாதத்தில் அடுப்பு எரியும்.

நீலகிரியில் வேலை பார்க்கிற ஆசிரியர்களே, உங்கள் பள்ளியும் சேருமானால் இங்கேயே சொல்லுங்கள், அடுத்த தை மாதத்துக்கு இப்போதே தேதி பிரித்துக்கொள்வோம். கொடைக்கானல் பக்கத்து நண்பர்கள் உங்கள் ஊரில் தனியாக ஒரு சுற்று ஆரம்பிக்கலாம். மதுரை உங்களுக்கு எங்களைவிடப் பக்கம். நாடக நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், குளிருக்குப் பயப்பட வேண்டாம். கம்பளியும் சுடுதண்ணீரும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. திரை கட்ட அடித்த ஆணிகளை நாங்கள் இன்னும் பிடுங்கவில்லை.